நீல நூல் கட்டிய பொட்டலங்கள்

கெபோன்சாரி, பெக்கலோங்கான்
9 பிப்ரவரி 1986

அன்புள்ள சுதார்மி அக்காவுக்கு,

உன் முழங்காலில் தலைவைத்து வணங்கி, தங்கை முர்வானி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சக்கிமான் அத்தானும் மிளகுக் கொடிகளும் சுகமா? லாம்புங் காட்டு யானை இன்னும் உங்கள் மரவள்ளித் தோட்டத்துக்கு வந்து போகிறதா? வந்தால் என் சலாமைச் சொல். என்னைவிடக் கனமான ஒருத்தி நம் வீட்டுப் பக்கம் நடமாடுகிறாள் என்று நினைக்கவே ஆறுதலாக இருக்கிறது.

நீ காஸ்மியோடு சேர்ந்து ஆரம்பித்துவைத்துவிட்டுப் போன பெண்கள் கூட்டுக் கடை விழாமல் நிற்கிறது. வெள்ளைத் துணி, மெழுகு, குங்கிலியம், சாயப்பொடி, மெழுகுப் பேனா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் என்று அலமாரியில் காலி இடம் இல்லை. காஸ்மி கையால் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறாள், நான் வாயால் விற்கிறேன். அவள் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை நான் ஒரு கொட்டாவிக்கு முன்னால் பேசிவிடுவேன்.

பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. ஊர்த் தலைவர் மகளுக்குக் கல்யாணம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நீலக் கைலி கட்டி வரிசையாக நிற்க வேண்டுமாம். முப்பத்து மூன்று கைலி. நம் கூட்டத்தில் பதினோரு பேர், ஆளுக்கு மூன்று எடுத்துக்கொண்டு, சாயம் ஏறக் கூடாத இடமெல்லாம் மெழுகால் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரு முழுக்க மெழுகுப் புகை. என் புருஷனின் புறாக்கள்கூட இருமுகின்றன.

இருமல் என்றதும் ஒன்று. இதை நீ அத்தானிடம்கூடச் சொல்லாதே. காஸ்மியின் வீட்டுக்காரர் ரஜிமினுக்கு இருமலில் ரத்தம் வருகிறது. மலைமேல் இருக்கிற நெஞ்சு நோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை போனாள், சனி சாயங்காலம்தான் திரும்பினாள். விஷயம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நம் கடையில் விற்கிற ஒவ்வொரு மெழுகுப் பேனாவையும் அவள்தானே அதன் குழாய் மூக்கில் வாய்வைத்து ஊதி, அடைப்பு இல்லை என்று பார்த்துக் கொடுக்கிறாள். அப்புறம் எவள் வாங்குவாள்? அதனால் மூன்று நாளும் "காஸ்மிக்குத் தலைவலி, கடைப் பின்கட்டுல படுத்திருக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். நம் தலைவி பு ரொகாயா (மரியாதைக்கு 'பு' போடாவிட்டால் காகிதத்திலேயே கோபித்துக்கொள்வார்) மாத்திரையும் இஞ்சிக் கஷாயமும் கொடுத்தனுப்பினார். கஷாயத்தை நானே குடித்தேன். மாத்திரையை மட்டும் விட்டுவைத்தேன், பொய்க்கும் ஓர் எல்லை உண்டே.

கல்யாணத் துணிக்கு வேண்டிய நீலச் சாய உப்பையும் நானே நிறுத்துக் கட்டிவிட்டேன். முட்டைக்காரி சர்மி வந்து உட்கார்ந்து, அவள் கொழுந்தன் இரண்டாவது கல்யாணம் செய்துகொள்ளப் போய் மாமனார் வீட்டு நாயிடம் கடிபட்ட கதையைச் சொன்னாள். கதை முடிந்தபோது பதினோரு பொட்டலமும் முடிந்திருந்தது. என்னைச் சோம்பேறி என்பாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

உன் செல்லத் தங்கை,
முர்வானி

*

லாம்புங்
3 மார்ச் 1986

தங்கை முர்வானிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் சுகம். யானை வந்தது, அரைக் காணி மரவள்ளியைத் தின்றுவிட்டுப் போனது. உன் சலாமைச் சொல்ல நேரமில்லை, ஓடிக்கொண்டிருந்தோம்.

காஸ்மிக்கு நீ செய்தது சரி. அவள் கேட்க மாட்டாள், நீயாக வாரம் ஒருமுறை ரஜிமினுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடு.

இன்னொன்று. பொட்டலம் கட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். நாய்க்கடியைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறாய். நூல் தோய்த்துப் பார்த்தாயா என்று ஒரு வரி இல்லை. நீல உப்பும் சிவப்பு உப்பும் டப்பாவில் ஒரே மஞ்சள் மாவுதான். அதற்காகத்தான் அந்தச் சட்டம் வைத்தேன்: எந்தப் பொடியைக் கட்டுகிறோமோ அதே பொடியில் ஒரு வெள்ளை நூலைத் தோய்த்து, என்ன நிறம் வருகிறதோ அந்த நூலாலேயே பொட்டலத்தைக் கட்ட வேண்டும். காஸ்மி ஒருநாளும் தவறியதில்லை. நீ செய்தாயா? உடனே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுதார்மி

*

கெபோன்சாரி
28 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமும் சலாமும். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வருவதற்கு எட்டு நாள் முன்பே இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. நிறம் ஒன்றுபோல வர வேண்டும் என்று பதினோரு பேரும் ஒரே நாள் காலையில் சாயம் தோய்ப்பதாகப் பேச்சு. புதன்கிழமை, மூடிய வானம், சாயத்துக்கு நல்ல நாள். முதல் தொட்டியில் முக்கியபோது, எப்போதும்போல, துணி நிறம் காட்டாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது. இரண்டாவது தொட்டியில் உப்புக் கரைசலில் விழுந்ததும்தான் திறந்தது. அக்கா, சிவப்பு! பெருநாள் ஆட்டை அறுத்த வாசல் மாதிரிச் சிவப்பு. பதினோரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறல். ஏதோ வீட்டில் பிரசவம் என்று மருத்துவச்சி பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, எந்த வீட்டுக்குள் நுழைவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள்.

இரண்டு மாத மெழுகு வேலை. தோய்ந்தது தோய்ந்ததுதான், திருப்ப முடியாது. ஊர்த் தலைவர் வீட்டில் வேறு ஊரிலிருந்து துணி வாங்கிவிட்டார்கள். நம் தெருப் பக்கம் அவர்கள் தலை திருப்புவதில்லை.

அன்று சாயங்காலமே கூட்டம். பு ரொகாயா ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தார். நீல நூல்தான் கட்டியிருந்தது. "இதக் கட்டுனது யாரு?" என்று கேட்டார்.  அப்புறம் யாரோ ஒருத்தி, "மூணு நாளாத் தலைவலி மாத்திரை தின்ன கைதானே, நீலம் செவப்பாத் தெரியாம பச்சையாவா தெரியும்?" என்று விளையாட்டாகச் சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். காஸ்மி எழுந்து, "நூல் கட்டுறது என் வேலைதான்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கடைச் சாவியில் ஒன்று அவளிடம் இருந்தது அல்லவா, அதை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நான் மட்டும்தான் கடையில். கல்லாவுக்கும் தராசுக்கும் ஓடி ஓடிக் கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று சர்மி சொல்கிறாள். அவள் முட்டை விற்க எதையும் சொல்வாள்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். அத்தானுக்கு என் மரியாதை.

முர்வானி

*

லாம்புங்
20 ஏப்ரல் 1986

முர்வானிக்கு,

ஆசிகள். நாங்கள் சுகம்.

உன் பிப்ரவரிக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. மார்ச்சுக் கடிதம் அதன் பக்கத்தில். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். பொட்டலம் கட்டியபோது காஸ்மி மலைமேல் இருந்தாள். அது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

"யாரோ ஒருத்தி" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒருத்தியின் வாயை எனக்கு நாற்பத்தேழு வருஷமாகத் தெரியும்.

காஸ்மியால் "நான் அன்னிக்கு இங்க இல்ல" என்று சொல்ல முடியாது. சொன்னால் எங்கே போனாள் என்று கேட்பார்கள். நீ அவளுக்காகச் சொன்ன பொய்க்குள் அவளை வைத்துப் பூட்டிவிட்டாய். திறக்க வேண்டியதும் நீதான்.

பதில் எழுது.

சுதார்மி

*

கெபோன்சாரி
14 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

பெருநாள் வாழ்த்துகள். நேரில் வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்து பிழை பொறுக்கக் கேட்க வேண்டியவள், இந்தக் காகிதத்தில் கேட்கிறேன். பதில் எழுதத் தாமதம். நோன்பு மாதம், கடையில் கூட்டம், கூரை ஒழுகல், பேனாவில் மை இல்லை. இவற்றில் எது உனக்கு நம்பும்படி இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்.

பெருநாள் நன்றாகப் போயிற்று. ஓலைப் பெட்டிச் சோறு அறுபது கட்டினேன், முப்பதை நானே தின்றேன் என்று வீட்டில் வதந்தி. என் புருஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதலில் புறாக் கூண்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார், அப்புறம்தான் என்னிடம் வந்தார். பு ரொகாயாவின் மருமகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். சர்மியின் கொழுந்தனுக்கு அந்தக் கல்யாணம் நடக்கவில்லை, நாய் மட்டும் இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டபோது காஸ்மி வீட்டுக்கும் போனேன். எல்லோரிடமும் கேட்பதுபோல அவள் கையைப் பிடித்து, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கணும்" என்றேன். "என் பிழையையும் பொறுத்துக்க" என்றாள். எல்லோரும் சொல்வதுதான். ரஜிமின் பாயில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. முட்டை கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் மாங்காய் அதிகம்.

முர்வானி

*

லாம்புங்
9 ஜூலை 1986

முர்வானிக்கு,

ஆசிகள்.

பெருநாள் மன்னிப்பு எல்லாப் பிழைக்கும் பொதுவானது. எந்தப் பிழைக்கு என்று அவளிடம் சொன்னாயா?

சுதார்மி

*

கெபோன்சாரி
24 ஆகஸ்ட் 1986

அக்காவுக்கு,

சலாம். உடம்பு சுகம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

ரஜிமின் போய்விட்டார். பன்னிரண்டாம் தேதி விடிகாலையில். ஊருக்கு "நெஞ்சு அடைப்பு" என்று சொல்லியிருக்கிறாள். ஏழு நாள் ஓதினார்கள். ஆண்கள் வந்தார்கள், அது கடமை. சமையல்கட்டுக்கு வந்து கைகொடுக்க வேண்டிய பெண்களில் நாலு பேர்தான் வந்தார்கள். பதினோரு பேரின் உழைப்பைக் கெடுத்தவள் வீட்டில் எவள் வந்து தேங்காய் துருவுவாள்? நான் ஏழு நாளும் துருவினேன். காஸ்மி என்னைத் தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. பேசியதே மூன்றோ நாலோ வார்த்தை. "உப்பு எடுத்துக் குடு" என்றாள் ஒருமுறை. துருவிக்கொண்டிருந்த தேங்காயைக் கீழே போட்டுவிட்டேன். சமையல் உப்பைத்தான் கேட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில். நூலைத் தோய்த்துப் பார்க்கவில்லை. தொட்டியைக் கழுவச் சோம்பல். பழைய நீல நூற்கண்டு ஆணியில் தொங்கியது, அதிலிருந்து வெட்டிக் கட்டினேன். எந்த டப்பாவைத் திறந்தேன் என்றுகூட இன்றுவரை நினைவில்லை. நாய் கடித்தது இடது காலா வலது காலா என்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கூட்டத்தில் கேலி பேசிய ஒருத்தியும் நான்தான். பு ரொகாயா "யாரு?" என்று கேட்டதும் "நான்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. என் வாய் ஒரே பக்கமாகத் திறந்து பழகிவிட்டது. வெளியே விழுந்தது அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அக்கா. அதை எழுதத்தான் இத்தனை மாதம் ஆயிற்று. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவளுக்கு யாரும் மெழுகு வேலை கொடுப்பதில்லை. செங்கல் சூளையில் கல் அடுக்கப் போகிறாள். நம் கூட்டத்திலேயே மெல்லிய கோடு இழுக்கிற கை அது.

என்ன செய்யட்டும்?

முர்வானி

*

லாம்புங்
15 செப்டம்பர் 1986

தங்கச்சி,

ரஜிமினுக்காக இங்கே ஓதினோம். காஸ்மிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். அக்டோபர் கூட்டத்தில் எழுந்து நில். "நான் கட்டினேன், சோதிக்காமல் கட்டினேன்" என்று சொல். வேறு ஒரு சொல் சேர்க்காதே. முக்கியமாக, சிரிக்க வைக்காதே.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதோடு நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்ற கவலையும் உண்டு.

சுதார்மி

*

கெபோன்சாரி
20 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், அதில் குறை வைத்தால் ஊர் நம்பாது.

சொன்னேன். கூட்டம் பு ரொகாயா வீட்டில். தேநீர் வருவதற்கு முன்னால் எழுந்து நின்று, நீ எழுதிக்கொடுத்தபடியே, கேலியாக ஒரு சொல் சேர்க்காமல் சொன்னேன்: "கல்யாணத் துணிக்குப் பொட்டலம் கட்டுனது நான். சோதிக்காமக் கட்டுனேன்."

 அப்புறம் மூலையிலிருந்து ஒருத்தி க்ளுக்கென்றாள். அவ்வளவுதான், கூரை பறந்தது.

"ஏண்டி முர்வானி, ஊர்த் தலைவர் மகளக் கட்டி வச்சதும் நீதானா?"

"போன வருஷ வெள்ளத்துக்கும் நீதானடி காரணம், ஆத்துல குளிக்க எறங்குனியே!"

நான் சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்ல, உண்மையச் சொல்றேன்" என்றேன். முகத்தை எவ்வளவு இறுக்கிக்கொண்டேனோ அவ்வளவு சிரித்தார்கள். நான் சிரிக்காமல் கேலி பேசுகிறவள் என்று இருபது வருஷமாகப் பெயர் வாங்கியிருக்கிறேனே.

"காஸ்மி அன்னிக்குக் கடையிலயே இல்ல" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. பு ரொகாயா என்னைப் பார்த்தார். "இல்லையா? பின்கட்டுல படுத்திருக்கான்னு நீதானே சொன்ன. நான் மாத்திரை குடுத்தனுப்பினேன், கஷாயம் குடுத்தனுப்பினேன். குடிச்சிட்டுத் தூங்குறான்னு பாத்திரத்தத் திருப்பி அனுப்புனியே."

"அது பொய்."

"அப்ப எங்க போயிருந்தா?"

அக்கா, அங்கேதான் நின்றுவிட்டேன். எங்கே போயிருந்தாள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையே. 

பு ரொகாயா எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார். கண்ணில் தண்ணீர். "புருஷன் செத்த பொம்பளைக்காகப் பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறா. இந்த மனசு நம்மள்ல யாருக்கு வரும்?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். வரும் வருஷம் என்னைத் துணைத்தலைவியாக்குவதாக அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஒரே வழி பாக்கி இருக்கிறது. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிய கடிதம். என் வாயை நம்பாதவர்கள் என் கையெழுத்தை நம்பித்தான் ஆக வேண்டும். சாயம் தோய்ப்பதற்கு ஒரு மாதம் முன்னால் எழுதியது, தபால் முத்திரை இருக்கிறது. அனுப்பு. கூட்டத்தில் உரக்கப் படிக்கிறேன்.

முர்வானி

*

லாம்புங்
12 நவம்பர் 1986

தங்கச்சி,

நாங்கள் சுகம். நீ கேட்டதை உறையோடு வைத்திருக்கிறேன்.

கூட்டத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் காஸ்மியிடம் கொண்டுபோ. அதில் உன் பிழை ஒரு பத்தி, அவள் வீட்டு விஷயம் ஒரு பத்தி. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்ட முடியாது. படிக்கலாமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அவள் எனக்குப் பதில் எழுதியிருந்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் வினார்சிக்கு நிச்சயம் ஆகியிருப்பதாக எழுதியிருந்தாள்.

சுதார்மி

*

கெபோன்சாரி
11 ஜனவரி 1987

அன்புள்ள சுதார்மி அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். உங்கள் பக்கம் மழை எப்படி? இங்கே நாலு நாளாக வெள்ளைத் துணியெல்லாம் ஈரவாடை.

கடிதத்தைக் காஸ்மியிடம் கொண்டுபோனேன். சூளையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், புருவத்தில் செங்கல் தூள். வெளிச்சத்தில் உட்கார்ந்து மெதுவாக இரண்டு முறை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கடி. சர்மி பேசுறது அப்படியே காதுல விழுது" என்றாள்.

"கூட்டத்துல படிக்கப் போறேன். உன் பேரு கறை போய் வெளுத்துடும்."

"என் பேரு வெளுக்கும். எம் பொண்ணு பேரு?"

வினார்சிக்குப் பார்த்திருக்கிற வீடு பத்தாங் ஊர்ப் பக்கம். அவர்களும் மெழுகுத் துணிக்காரர்கள். மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று ஆறு பேர் ஒரே மெழுகுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து பேனா ஊதுகிற வீடு. பெண்ணின் அப்பாவுக்கு என்ன நோய் என்று தெரிந்தால் சட்டிப் பக்கம் அவளை உட்காரவிடுவார்களா? முதலில் வீட்டுக்குள் விடுவார்களா?

"பொட்டலத்தத் தப்பாக் கட்டுனவ பொண்ணுன்னா எவனும் வேண்டாங்க மாட்டான். அந்த நோய்க்காரன் பொண்ணுன்னா வேண்டாம்பாங்க. எனக்குத் தப்பு போதும்" என்றாள்.

"அப்ப நான் என்ன செய்றது?"

"கடையத் தெற. எப்பவும்போலப் பேசு. நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தா எதுக்குன்னு தோண்டுவாங்க."

அழுதேன். அவள் அழவில்லை. கடிதத்தை உறைக்குள் போட்டு, உறையை அடுப்புக்குள் வைத்து, அது முழுக்க எரிகிற வரை குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இந்தத் தடவை பிழைக்குப் பெயர் இருந்ததால் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இது டிசம்பர் முதல் வாரம். அதன் பிறகு சொன்னபடியே கடையைத் திறந்து, எப்போதும்போலப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை காஸ்மி கடைக்கு வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு முதல் முறை. வினார்சியின் கல்யாணக் கைலியைத் தானே மெழுகால் எழுதப் போகிறாளாம். கடை நிறையப் பெண்கள். பு ரொகாயா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே கால் வைத்ததும் முன்னால் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். வரிசையில் கடைசியாக நின்றாள். அவள் நிறுத்துக் கொடுத்த தராசு, அவள் தேய்த்துவைத்த அலமாரி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

முறை வந்ததும், "அரைக் கிலோ மெழுகு, கொஞ்சம் குங்கிலியம்" என்றாள்.

பு ரொகாயாவின் நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "கல்யாணப் பொண்ணுக்கு என்ன நிறம் காஸ்மி? நீ நெனைக்கிற நெறமா, துணி நெனைக்கிற நெறமா?" என்றாள்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் ஒன்று எடுத்துவிடுவது நான்தான் என்று ஊருக்கே பழக்கம். என்னிடம் ஒன்றும் இல்லை, அக்கா. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றுமே இல்லை. மெழுகுக் கட்டியைத் தராசில் வைத்தபடி நின்றேன். முள் ஆடி நின்றுவிட்டது, நான் இன்னும் நிற்கிறேன். பு ரொகாயா முக்காலியிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்புறம் காஸ்மியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் கேட்டிருப்பார்.

காஸ்மிதான் முதலில் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை, வாய் மட்டும் நன்றாகச் சிரித்தது. "மாப்பிள்ளைக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்தான். எந்த நிறம் வந்தாலும் சரின்னுட்டாரு" என்றாள். ஆறு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்து அவள் ஒரு கேலி பேசி நான் கேட்டதில்லை. கடை குலுங்கியது. பு ரொகாயாவும் சிரித்துவிட்டு முக்காலியில் சாய்ந்துகொண்டார்.

மெழுகைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், முதலாளியிடம் வாங்குவதுபோல.

"வரேங்க, பு முர்வானி" என்றாள்.

அவள் தெருவில் இறங்கிப் போன பிறகும் கடையில் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் நிறுத்திய பிறகு, கடைசியாகத்தான் நிறுத்தினேன்.

உன் தங்கை,
முர்வானி